வெட்ஸ்லார் தலபுராணம்

எந்தத் தலபுராணத்தை எடுத்தாலும் முதலில் ஒரு நோயாளி வருவார். சூலை நோயோ, தீராத வயிற்றுவலியோ, பிரம்மஹத்தி தோஷமோ ஏதோ ஒன்று அவரைப் பிடித்து ஆட்டும். ஊர் ஊராக அலைவார். கடைசியில் ஓர் ஆற்றங்கரையில் வந்து விழுவார். அங்கே தெய்வம் வெளிப்படும். கேமராப் பைத்தியங்களின் தலைமைப் பீடமான வெட்ஸ்லாருக்கும் இதே கதைதான். நோயாளி, ஆஸ்கர் பார்னாக் என்ற மெக்கானிக். நோய், ஆஸ்துமா. ஆறு, லான். வெளிப்பட்ட தெய்வம், லைக்கா. அரை கிலோகூட எடையில்லாத அந்தத் தெய்வத்தை முன்னிட்டு நூறு வருடமாக மனிதர்கள் அடித்த கூத்துகளே இந்தப் புராணம்.

தலச் சிறப்பு: வெட்ஸ்லார், ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே இருக்கும் சிற்றூர். 1772இல் கதே என்ற இளம் வக்கீல் நீதிமன்றப் பயிற்சிக்காக அங்கே போனார். பயிற்சியை விட்டுவிட்டு, ஏற்கெனவே நிச்சயமாகிவிட்ட சார்லோட்டே என்ற பெண்ணின் மீது காதல் கொண்டார். நடக்காது என்று தெரிந்ததும் ஊரைவிட்டுப் போய், அந்தத் துயரத்தை நாவலாக்கி ஐரோப்பா முழுவதையும் அழ வைத்தார். கைக்கு எட்டாத ஒன்றை நினைத்து உருகும் வழக்கம் அந்த ஊரில் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. இன்று லைக்காவின் விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் எல்லாரும் கதேயின் வாரிசுகள்.

பார்னாக் 1911இல் யேனா நகரத்து ஸைஸ் கம்பெனியை விட்டு வெட்ஸ்லாரின் லைட்ஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். லைட்ஸ் செய்துகொண்டிருந்தது நுண்ணோக்கி. கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்னாக்குக்குத்தான் புகைப்படக் கிறுக்கு. அந்தக் காலத்துக் கேமரா என்றால் மரப்பெட்டி, முக்காலி, 13க்கு 18 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள், தகடுகளுக்கு உறை, தலையில் போட்டுக்கொள்ளக் கருப்புத் துணி. ஒரு மரத்தைப் படமெடுக்க இன்னொரு மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு காட்டுக்குள் போகவேண்டும். துரிஞ்சியக் காடுகளில் இந்த மூட்டையோடு ஏறி இறங்கிய பார்னாக்குக்கு மூச்சு முட்டியது. மூட்டையைத் தூக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு வசதி இருந்திருந்தால் லைக்கா பிறந்திருக்காது.

அப்போது சினிமா வந்துவிட்டது. 35 மில்லிமீட்டர் அகலச் சுருள் கடையில் கிடைத்தது. சினிமாவில் ஒரு சட்டகம் 18க்கு 24 மில்லிமீட்டர். பார்னாக் சுருளைப் படுக்கவைத்து, இரண்டு சட்டகத்தை ஒன்றாக்கி, 24க்கு 36 என்று வைத்தார். அதை ஓட்ட உலோகத்தில் ஒரு சிறு பெட்டி செய்தார். 1914இல் அது கோட்டுப் பையில் போகிற அளவில் தயாராகிவிட்டது. நூறு வருடம் கழித்து டிஜிட்டல்காரர்கள் ‘ஃபுல் ஃப்ரேம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடன் வாங்கி அடைவதும் அதே 24க்கு 36தான். யாரும் ஆராய்ந்து கண்டுபிடித்த அளவு இல்லை, சினிமாக்காரன் வைத்ததை இரண்டால் பெருக்கினால் வருவது.

பாடபேதம் இல்லாமல் புராணம் ஏது? ‘அவர் கேமராவே செய்யவில்லை. சினிமாச் சுருளுக்கு வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கருவி செய்தார், அது கேமராவாகிவிட்டது’ என்று ஒரு கட்சி உண்டு. ஒரு ரோலுக்கு ஏன் 36 படம் என்பதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பார்னாக் இரண்டு கைகளையும் விரித்தால் பிடிக்க முடிந்த சுருளின் நீளம் அவ்வளவுதானாம். மனிதர் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் இன்னும் நாலு சித்தப்பாக்கள் இடம்பெற்றிருப்பார்கள்.

அந்த முதல் கேமராவில் ஒரு சங்கடம் இருந்தது. சுருளை அடுத்த படத்துக்கு நகர்த்தும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைக்காது. ஆகவே ஒவ்வொரு தடவையும் லென்ஸை மூடியால் மூடிவிட்டுத்தான் சுற்றவேண்டும். மூடு, சுற்று, திற, எடு, மூடு. பின்னால் வந்த மாடல்களில் ஷட்டரைத் திருத்திவிட்டார்கள். ஆனால் மூடியால் வரும் சங்கடம் மட்டும் தீரவே இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. படைதிரட்டும் அறிவிப்பு வெட்ஸ்லார் தெருவில் ஒட்டப்பட்டதை பார்னாக் தன் பெட்டியால் எடுத்தார். 1920இல் லான் ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்ததையும் எடுத்தார். மற்றபடி பெட்டி பத்து வருடம் தவத்தில் இருந்தது. 1923இல் சோதனைக்காக இரண்டு டஜன் போலச் செய்து பார்த்தார்கள். 1924இல் உற்பத்தியில் இறங்கலாமா என்று முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் கூட்டம் போட்டார். பணவீக்கத்தில் ஒரு ரொட்டிக்குக் கூடை நிறைய நோட்டு கொடுத்து அப்போதுதான் ஜெர்மனி மீண்டிருந்தது. அந்த நேரத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு கேமராவில் பணம் போடுவதா என்று விவாதம் நீண்டது. எல்லாரையும் பேசவிட்டு, கடைசியில் முதலாளி ‘செய்வோம்’ என்று முடித்தார். முதலாளி என்றால் அதுதான் வசதி.

1925 வசந்தத்தில் லைப்ஸிக் சந்தையில் லைக்கா கடைவிரித்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் எடுத்துப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய நெகட்டிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. பதில் மாக்ஸ் பெரெக்கின் லென்ஸில் இருந்தது. அவர் நுண்ணோக்கிக்குக் கண்ணாடி கணக்குப் போட்டவர். சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கினாலும் கூர்மை போகாத லென்ஸை அவர்தான் வடித்தார். நன்றிக்கடனாக அவர் பெயரின் ஒரு துண்டை லென்ஸுக்கு வைத்து ‘எல்மாக்ஸ்’ என்றார்கள். பெரெக் அதோடு விடவில்லை. அவர் வீட்டில் ஹெக்டர், ரெக்ஸ் என்று இரண்டு நாய்கள் இருந்தன. ‘ஹெக்டர்’, ‘சுமரெக்ஸ்’ என்று லைக்கா லென்ஸ்களுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். ஹெக்டரின் மென்மையான வரைதலைப் பற்றி இன்று பக்கம் பக்கமாக எழுதும் ரசிகர்கள், அது வாலாட்டிக்கொண்டு நின்ற ஒரு ஜீவன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பெரிய பிரசாரகர் டாக்டர் பால் வோல்ஃப். வைத்தியம் படித்தவர். 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அவருக்கு ஒரு லைக்கா பரிசாகக் கிடைத்தது. அதோடு வைத்தியத்திலிருந்து நோயாளிகள் தப்பித்தார்கள். 1934இல் லைக்காவோடு தனக்கு ஏற்பட்ட அனுபவங்களைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். மனைவி, மக்கள், நாடு, மொழி என்று எத்தனையோ இருக்க, ஒரு கேமராவோடு ஏற்பட்ட அனுபவத்தை எழுதி அச்சிட்டால் வாங்கிப் படிக்கக் கூட்டம் இருக்கிறது என்று அன்றே நிரூபணமாகிவிட்டது.

இனி வழிபாட்டு முறை. வேறு கேமராவில் ரோல் போட, பின்கதவைத் திறந்து, வைத்து, மூடினால் முடிந்தது. லைக்காவில் கதவு கிடையாது. அடித்தட்டைத் திருகிக் கழற்றவேண்டும். கழற்றிய தட்டை எங்கே வைப்பது? மூன்றாவது கை இல்லாததால் பக்தர்கள் வாயில் கவ்விக்கொள்வார்கள். பிறகு ரோலின் நுனியைக் கத்தரிக்கோலால் நீளமாக, வளைவாகக் கத்தரிக்கவேண்டும். அதற்கென்றே ஓர் அச்சுத் தகட்டை லைட்ஸ் கம்பெனி தனியாக விற்றது. கத்தரித்ததில் பிசிறு இருந்தால் துணுக்கு உள்ளே போய் ஷட்டரில் சிக்கும். இத்தனையும் ஒழுங்காகச் செய்து, ரோலைக் கீழ்வழியாக நுழைத்து, பல்லிலிருந்து தட்டை எடுத்து மூடுவதற்குள், படமெடுக்கவேண்டிய ஊர்வலம் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். ஏன் இந்த அவஸ்தை என்று ஒரு லைக்காக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கதவு இல்லாததால்தான் பாடி இத்தனை உறுதியாம். அவஸ்தைக்கு ஒரு தத்துவ விளக்கம் கிடைத்துவிட்டால் அப்புறம் அது ஆசாரம்.

அடுத்து, பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. இரண்டும் வேறு வேறு துளை. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். 36 படத்தையும் ரசித்து ரசித்து எடுத்துவிட்டு, கழுவிப் பார்த்தால் 36 அமாவாசை. மூடியைக் கழற்ற மறக்காத உஷார்ப் பேர்வழிகளுக்கும் ஒரு பொறி உண்டு. அந்தக் காலத்து எல்மார் லென்ஸ் உள்ளே அமுங்கிக்கொள்ளும். பையில் வைக்க வசதி. வெளியே இழுத்துத் திருகாமல் எடுத்தால் முழு ரோலும் கலங்கல். ஜன்னலில் அதுவும் தெரியாது. உலகத்தின் தலைசிறந்த கேமராவில் ஒன்றுமே தேறாமல் படமெடுக்க இரண்டு வழிகள் இருந்தன என்பதை லைக்கா விளம்பரங்கள் ஏனோ சொல்வதில்லை.

நாயன்மார் வரிசைக்கு வருவோம். முதல் பெயர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். பாரிஸில் நூல் வியாபாரத்தில் கொழித்த குடும்பத்துப் பிள்ளை. ஓவியம் கற்றார், ஆப்பிரிக்காவுக்குப் போய் வேட்டையாடினார், காய்ச்சலில் செத்துப் பிழைத்துத் திரும்பினார். 1932இல் மார்செய்யில் ஒரு லைக்கா வாங்கினார். அன்றிலிருந்து கேமரா கையை விட்டு இறங்கவில்லை. பளபளக்கும் குரோம் ஜனங்களின் கண்ணில் பட்டுவிடும் என்று கருப்பு டேப்பை ஒட்டி மறைத்தார். ஃபிளாஷ் கூடாது, எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டக்கூடாது, நொடி தப்பினால் தப்பியதுதான் என்று கறாரான விதிகள் வகுத்தார். அவருடைய மிகப் புகழ்பெற்ற படம், பாரிஸின் சாங்-லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் படம், வேலிப் பலகையின் இடுக்கு வழியாக எடுத்தது. ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது. வெட்டினார். விதி அடியார்களுக்கு, ஆண்டவனுக்கு அல்ல.

1940இல் பிரெஞ்சுப் படையில் இருந்தார். ஜெர்மானியர்கள் நெருங்கிவிட்டார்கள். அந்த நிலையில் சாதாரண மனிதன் தன் உயிரை ஒளிப்பான். இவர் லைக்காவை வோஷ் மலைப் பக்கத்து ஒரு பண்ணையில் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு பிடிபட்டார். 35 மாதம் கைதி முகாம்களில் கூலி வேலை. இரண்டு முறை தப்பி இரண்டு முறையும் மாட்டிக்கொண்டார். மூன்றாம் முறை, 1943இல், தப்பித்தே விட்டார். பிறகு வோஷுக்குப் போய் மண்ணைத் தோண்டிக் கேமராவை எடுத்தார். ஜெர்மானியன் செய்த கேமராவை ஜெர்மானியன் கைக்குப் போகாமல் காப்பாற்றிய வகையில் உலகப் போரில் இது ஒரு தனி வெற்றி. இதற்கிடையில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் இறந்துவிட்டார் என்று நம்பி நினைவஞ்சலிக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. 1947இல் கண்காட்சி திறந்தபோது மறைந்த கலைஞர் உயிரோடு வந்து நின்றார்.

அடுத்து அவர் இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தார், சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணர் உடல் நலிந்திருந்த நாட்கள் அவை. ரமணரின் கடைசிப் படங்கள் சிலவற்றை எடுத்தவர் இவர்தான். ஏப்ரல் 14 இரவு, தங்கியிருந்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது நண்பர்கள் வானத்தைக் காட்டினார்கள். வால் நீண்ட ஓர் ஒளி தெற்கிலிருந்து மெதுவாக நகர்ந்து அருணாசல மலையின் உச்சிக்குப் பின்னால் மறைந்தது. எல்லாரும் உடனே கடிகாரத்தைப் பார்த்தார்கள், மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார்கள், ரமணர் அந்த வேளையில் சமாதியடைந்திருந்தார். இதை எழுதிவைத்ததும் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனேதான். கவனிக்கவேண்டியது, உலகத்திலேயே சரியான நொடியைப் பிடிப்பதில் பெயரெடுத்த மனிதர் அந்த நொடியில் கேமராவைத் தேடாமல் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். எனக்கு அவர் மீது மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். இன்றைக்கு அப்படி ஓர் ஒளி மலைமேல் போனால் கிரிவலப் பாதை முழுவதும் கைபேசி வெளிச்சம்தான் இருக்கும், மலை தெரியாது.

தெய்வம் பிரபலமானால் அடுத்த ஊரில் அதே பெயரில் கோயில் கிளம்புவது இயல்பு. தோக்கியோவில் கோரோ யோஷிதா என்ற கேமராக் கிறுக்கர் ஒரு லைக்காவைத் திருகு திருகாகக் கழற்றிப் பரப்பினார். உள்ளே வைரம் வைடூரியம் எதுவும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். இந்தச் சில்லறைச் சாமானுக்கா இவ்வளவு விலை என்று அவருக்குக் கோபம் வந்தது. 1933இல் கூட்டாளிகளோடு சிறு பட்டறை திறந்தார். யோஷிதா பௌத்த பக்தர். ஆகவே 1934இல் வந்த மாதிரிக் கேமராவுக்கு கருணைக் கடவுள் பெயரால் ‘குவானன்’ என்று பெயர். லென்ஸுக்கு, புத்தரின் சீடர் மகாகாசியபர் பெயரால், ‘காசியபா’. கேமராவின் தலையில் ஆயிரம் கைத் தெய்வத்தின் உருவம். அந்தக் குவானன்தான் இன்றைய கேனன்.

கேனன் கடைக்கு வந்தபோது இன்னொரு வேடிக்கை. பாடி செய்யத் தெரிந்தவர்களுக்கு லென்ஸ் வடிக்கத் தெரியவில்லை. ஆகவே 1936இல் வந்த ஹன்சா கேனனில் இருந்தது நிக்கோர் லென்ஸ். அதாவது, நிக்கான் கம்பெனிச் சரக்கு. கேனனா நிக்கானா என்று கல்யாண வீட்டுப் பந்தியில் இலை காயும் வரை சண்டைபோடும் போட்டோகிராபர் தம்பிகளுக்கு இந்தச் செய்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

சோவியத் நாட்டின் நகல் இன்னும் விசேஷம். கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறுவர்களைத் திருத்தி வளர்க்க, அன்டன் மகாரெங்கோ நடத்திய கம்யூன் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கையால் 1934 முதல் லைக்காவின் அச்சு அசல் நகல் தயாரானது. பெயர் ‘ஃபெட்’. சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். ஆளுக்குத் தெரியாமல் ஆளைப் படம்பிடிக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் அமையாது. பிற்காலத்தில், சோவியத் சிதறிய பிறகு, இந்த ஃபெட்களையும் அதன் தம்பி சோர்க்கிகளையும் சுரண்டி, தங்கமுலாம் பூசி, ‘லைக்கா’ என்று செதுக்கி, பக்கத்தில் ஒரு ஸ்வஸ்திகாவும் போட்டு, ஹிட்லர் காலத்து அபூர்வம் என்று சந்தையில் தள்ளினார்கள். ஏமாந்தவர்கள் ஏராளம். லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்புறம் பாருங்கள். தூரம் அளக்கும் நெம்பின் நுனியில் வட்டமான உருளை இருந்தால் அசல். ஆப்பு மாதிரிக் கூரான நாக்கு இருந்தால் மாஸ்கோவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

ஸ்வஸ்திகா என்றதும் ஓர் இடத்தில் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். நாஜி ஆட்சியில் முதலாளி லைட்ஸ் தன் யூத ஊழியர்களையும் அவர்கள் குடும்பங்களையும் வெளிநாட்டுக் கிளைகளில் வேலை என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பினார். அவருடைய மகள் எல்சி, யூதப் பெண் ஒருவர் எல்லை கடக்க உதவியதற்காக 1943இல் கெஸ்டபோவால் கைதானார். அதே தொழிற்சாலை ஜெர்மன் ராணுவத்துக்குச் சாமான் செய்தது, உக்ரைனிலிருந்து பிடித்து வந்த பெண்களைக் கட்டாய வேலை வாங்கியது என்பதும் வரலாறு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பக்தர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

1954இல் எம்3 வந்தது. அதோடு கேமரா செய்வதை மனிதகுலம் நிறுத்தியிருக்கலாம் என்று சொல்லும் கிழவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கிலாந்து ராணி எலிசபெத் அதைக் கையில் வைத்திருந்தார், தபால்தலையிலும் அப்படியே அச்சாகியிருக்கிறார். 1959இல் நிக்கான் எஃப் வந்தது. அதில் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம். மூடியைக் கழற்றாவிட்டால் இருட்டாகவே தெரியும்! இந்தச் சாதாரண வசதிக்குமுன் வெட்ஸ்லார் ஆட்டம் கண்டது. பத்திரிகைக்காரர்கள் கூட்டமாகக் கட்சி மாறினார்கள். எழுபதுகளில் எம் வரிசை உற்பத்தி நின்றே போய், பிறகு கனடாவின் ஒரு சிற்றூரில் மறுபடி உயிர்பெற்றது.

எஞ்சிய அடியார்களில் நியூயார்க்கின் காரி வினோகிராண்டைச் சொல்லாமல் விடக்கூடாது. தெருவில் இறங்கினால் எதிரில் வருவதை எல்லாம் எடுப்பார். கழுவமாட்டார். கழுவினாலும் அச்சுப்போட்டுப் பார்க்கமாட்டார். 1984இல், 56 வயதில், அவர் இறந்தபோது கழுவாத ரோல் மட்டும் சுமார் 2,500 இருந்தது. ஏறக்குறைய 90,000 படம். கழுவி, ஆனால் ஏறெடுத்தும் பார்க்காதது இன்னும் சுமார் 6,500 ரோல். அவருக்கு வேண்டியிருந்தது ஷட்டரின் அந்தச் சின்ன ‘டக்’ மட்டும்தான் என்பது என் கட்சி. கைபேசியில் 40,000 படம் வைத்துக்கொண்டு ‘மெமரி ஃபுல்’ என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை.

டிஜிட்டல் யுகத்தில் லைக்கா ஏறக்குறைய திவாலாகி, ஆஸ்திரியாக்காரர் ஒருவர் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார். 2006இல் எம்8 வந்தது, சுமார் 4,800 டாலர், லென்ஸ் தனி. வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள் திகைத்தார்கள். மாப்பிள்ளையின் கருப்புக் கோட்டு கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சரியாகத் தடுக்காததால் சில செயற்கைத் துணிகளின் கருப்பு ஊதாவானது. வேறு கம்பெனியாக இருந்தால் வாடிக்கையாளர் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். லைக்கா ஒரு பரிகாரம் சொன்னது, ஆளுக்கு இரண்டு ஃபில்டர் இலவசம், லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பக்தர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு அர்த்தத்திலும்.

அதற்கப்புறம் கம்பெனிக்கு ஒரு ரகசியம் பிடிபட்டுவிட்டது. எதைக் கொடுக்காவிட்டாலும் இவர்கள் வாங்குவார்கள். 2012இல் நிறமே எடுக்காத டிஜிட்டல் கேமரா வந்தது, கருப்பு வெள்ளை மட்டும். 2014இல் பின்னால் திரையே இல்லாத டிஜிட்டல் கேமரா, அறுபதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு. அது செல்லுபடியானதும் 2016இல் வழக்கமான மாடலாகவே ஒன்று. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கும் வசதி இல்லாமல் செய்வதற்குத் தனிப் பொறியாளர் குழு. 2015இல் வந்ததுதான் சிகரம். பாடகர் லென்னி கிராவிட்ஸ் வடிவமைத்த சிறப்புப் பதிப்பு, 125 மட்டும். புதுக் கேமராவின் கருப்புப் பெயிண்டைக் கையால் தேய்த்துத் தேய்த்து, உள்ளே பித்தளை தெரிகிற மாதிரி பழசாக்கி விற்றார்கள். போர்க்களத்தில் நாற்பது வருடம் அலைந்த தழும்புகள், அட்டைப்பெட்டிக்குள்ளேயே. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் டேப் ஒட்டி மறைத்ததை இவர்கள் சுரண்டிக் காட்டினார்கள்.

நம் ஊரில் இந்தப் பக்தி வேறு விதமாகத் தழைக்கிறது. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் படரும் என்ற பயத்தில், டிரை பாக்ஸ் வாங்கி, ஈரப்பதமானி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வாரம் ஒரு தடவை வறுத்து வைக்கிறார்கள். வீட்டில் பருப்பு டப்பாவுக்கு அந்த யோகம் இல்லை. புது லென்ஸ் வாங்கினால் ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்து, பழைய உறைக்குள் போட்டு, சாயங்காலம் மடிக்கணினிப் பையில் வீட்டுக்குள் நுழைக்கவேண்டும்.

“என்னங்க, இது புதுசா?”

“பழசும்மா. துடைச்சேன்.”

“போன மாசமும் துடைச்சீங்களே, இவ்வளவு நீளமா இல்லியே.”

கேமராக்காரர்களின் குடும்ப வாழ்க்கை, லென்ஸ்கள் எல்லாமே கருப்பாக இருப்பதை நம்பித்தான் நடக்கிறது.

முடிவாக, விக்கிரகத்தின் விலை. 1923இன் அந்தச் சோதனைக் கேமராக்களில் ஒன்று 2018இல் 24 லட்சம் யூரோவுக்குப் போனது. 2022 ஜூனில் வெட்ஸ்லாரிலேயே 105ஆம் எண் கேமரா ஏலத்துக்கு வந்தது. பார்னாக் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது, தலையில் அவர் பெயரே செதுக்கியிருக்கிறது. 144 லட்சம் யூரோ. நம் பணத்தில் நூறு கோடிக்கு மேல். மூட்டை தூக்க முடியாத ஒருவர், மூச்சு வாங்காமல் நடக்கச் செய்துகொண்ட பெட்டி, இப்போது உலகத்திலேயே ஏலத்தில் அதிக விலைக்குப் போன கேமரா. இனி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் யாரும் நடக்கமுடியாது, பின்னால் நாலு துப்பாக்கிக்காரர் வேண்டும்.

நூற்பயன்: இந்தப் புராணத்தைப் படித்தவர்கள் உடனே பரணில் ஏறி அப்பாவின் பழைய கேமராவைத் தேடுவார்கள். அது அநேகமாக லைக்காவாக இருக்காது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 ஆக இருக்கும், சொற்ப விலைக்குக்கூடப் போகாது. கவலைப்படாதீர்கள். ஆனால் பின்பக்கத்தைத் திறந்துவிடாதீர்கள், உள்ளே யாரோ பாதியில் விட்ட ரோல் இருக்கலாம். இருந்தால் இருட்டில் கழற்றி, கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவித் தரும் லேபுக்கு அனுப்புங்கள். பன்னிரண்டு படத்தில் இரண்டு தேறினாலும் யாராவது ஓர் அத்தை சிரித்துக்கொண்டிருப்பார்.